4ஜி63 அடிப்பாகம்: மூன்றாவது கேப்பில் கடித்த கிராங்க் கடைசியில் சுற்றியது

நேற்று இரவு ஐந்து மெயின் கேப்பும் (கிராங்கைப் பிளாக்கோடு சேர்த்துப் பிடிக்கும் மூடிகள்) முழு டார்க்கில் (முறுக்கு அளவில்) இருக்க, கிராங்கின் எதிர்எடையை ஒற்றை விரலால் தள்ளிவிட்டேன். சத்தமே இல்லாமல் ஒரு சுற்றுக்கு மேல் போய், மெல்ல வேகம் குறைந்து நின்றது. மறுபடி தள்ளினேன். இப்படியே பதினைந்து தடவையாவது தள்ளியிருப்பேன். பிஸ்டன் இல்லை, ராடு இல்லை, வெறும் கிராங்க்தான். ஆனால் இரண்டு மாதமாக இதே கிராங்க் மூன்றாவது கேப்பிலிருந்தே கடிக்கத் தொடங்கி நின்றுவிட்டதைப் பார்த்தவனுக்கு இது பெரிய விஷயம்.

இது மிட்சுபிஷியின் 4ஜி63 எஞ்சின், ஆறு போல்ட் வகை, அதாவது ஃப்ளைவீலைக் கிராங்கோடு பிடிக்கும் போல்ட் ஆறு. 85 மி.மீ. போர், 88 மி.மீ. ஸ்ட்ரோக், கம்பெனி ஃபோர்ஜ்டு கிராங்க். டர்போவைப் பெரிதாக்கி 8000 ஆர்பிஎம் வரை போக வேண்டும் என்பது திட்டம். பாகம் வாங்குவதற்கு முன்னால் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ராடு (பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு) நீளம் 150 மி.மீ. பிஸ்டன், பின், ரிங், ராடின் மேல்பாதி எல்லாம் சேர்த்து 600 கிராம் என்று வைத்தால், 8000-இல் பிஸ்டன் உச்சியில் திரும்பும் ஒவ்வொரு முறையும் ராடை மேல்நோக்கி இழுக்கும் விசை கிட்டத்தட்ட 2.4 டன். 7000-இல் இதுவே 1.9 டன்தான். வேகம் ஏழில் ஒரு பங்குதான் கூடுகிறது, இழுவை மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கமாகக் கூடிவிடுகிறது. எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக்கின் முடிவில் எதிரே அழுத்தம் எதுவும் இல்லாததால் இந்த இழுவை முழுவதும் ராடு போல்ட் தலையில் விழுகிறது. எரியும்போது நடப்பது தனி. சிலிண்டரில் 100 பார் அழுத்தம் என்றாலே 5.8 டன் கீழ்நோக்கி அழுத்தும். அதை வாங்குவது மெயின் கேப்கள்.

இந்தக் கணக்கைவிட என்னை போல்ட்டை விட்டு ஸ்டட் (பிளாக்கில் இறக்கி மேலே நட் போடும் மரைக்கம்பி) பக்கம் தள்ளியது பழைய கேப்பின் அடிப்பகுதிதான். கழற்றித் துடைத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது மூன்றாவதிலும் நான்காவதிலும் பிளாக்கோடு ஒட்டும் முகத்தில் சாம்பல் நிறத் திட்டுகள். மற்ற மூன்று கேப்பிலும் மெஷின் கோடுகள் புதிதுபோல இருந்தன. இந்த இரண்டில் மட்டும் கோடுகள் தேய்ந்து, விரல் நகத்தால் தடவினால் வழவழவென்று இருந்தது. கேப் இடத்திலேயே நுணுக்கமாக நகர்ந்து உரசியிருக்கிறது. நடு மெயின்தான் அதிகம் அடி வாங்கும். இரண்டாவது, மூன்றாவது சிலிண்டர் இரண்டும் அதன் இரு பக்கமும் ஒரே நேரத்தில் ஏறி இறங்குகின்றன. இதைப் பார்த்த பிறகு பழைய போல்ட்டையே மறுபடி போட எனக்கு மனசு வரவில்லை.

ஏஆர்பி மெயின் ஸ்டட் வாங்கினேன். முதலில் அனுப்பிய கடைக்காரர் ஏழு போல்ட் பிளாக்குக்கான கிட்டை அனுப்பிவிட்டார். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை மட்டும் பார்த்துவிட்டு நான் பிரிக்காமலேயே மூன்று வாரம் அலமாரியில் வைத்திருந்தேன். வந்த அன்றே பிரித்து ஒரு ஸ்டட்டைத் துளையில் விட்டுப் பாருங்கள். மாற்றித் தந்தார், ஆனால் ஒரு மாதம் போய்விட்டது.

ஸ்டட்டை இறக்குவதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்று மட்டும்: மரையைச் சுத்தம் செய்ய டேப் (மரை வெட்டும் கருவி) போடாதீர்கள், த்ரெட் சேஸர் (மரையை வெட்டாமல் சுத்தம் மட்டும் செய்வது) போடுங்கள். டேப் உலோகத்தைக் கொஞ்சம் வெட்டிக்கொண்டுதான் வரும். ஸ்டட்டைக் கையால் மட்டும் இறக்கி, நட்டை அவர்கள் கொடுத்த லூப்ரிகன்ட்டோடு மூன்று கட்டமாக முறுக்கினேன். பழைய பேரிங்கோடு சோதனை. ஒன்று, இரண்டு, ஐந்து முறுக்கியதும் கிராங்க் நன்றாகச் சுற்றியது. மூன்றை முறுக்கியதும் கனத்தது. நான்கையும் முறுக்கியதும் ஒரே இடத்தில் வந்து நின்றுவிட்டது.

போல்ட்டைவிட ஸ்டட் இறுக்கமாகப் பிடிக்கிறது. அதற்காகத்தானே வாங்கினோம். ஆனால் அந்தக் கூடுதல் பிடி கேப்பை அழுத்தி வட்டத்தை முட்டையாக்குகிறது. கம்பெனியில் போல்ட்டின் பிடியில் வைத்து வட்டமாகக் குடைந்த துளை அது. பிடி மாறினால் வட்டமும் மாறும். நான் அளந்தபோது மூன்றாவது மெயினில் நேர் மேலும் கீழுமான அளவு 18 மைக்ரான் குறைந்திருந்தது. நான்காவதில் 14. போதாததற்கு உரசித் தேய்ந்த கேப்கள் இரண்டும் பழைய இடத்தில் உட்காரவில்லை. ஐந்து துளையும் ஒரே நேர்கோட்டில் இருந்தால்தான் கிராங்க் சுற்றும். இதற்கு லைன் ஹோன், அதாவது ஐந்து துளையையும் ஒரே கோட்டில் தேய்த்து வட்டமாக்குவது தவிர வேறு வழி இல்லை.

முதலில் கொடுத்த மெஷின் ஷாப்பில் வேலையைக் கெடுத்துவிட்டார்கள். பிளாக்கோடு ஸ்டட்டையும் பையில் போட்டு, பையின் மேல் பெரிய எழுத்தில் எழுதியும் கொடுத்தேன். அவர்கள் அங்கே கிடந்த போல்ட்டைப் போட்டு ஹோன் செய்து அனுப்பிவிட்டார்கள். ஸ்டட்டைப் பிரிக்கவே இல்லை, பையின் முடிச்சு நான் போட்ட முடிச்சாகவே இருந்தது. வீட்டில் ஸ்டட் போட்டு அளந்தால் அதே முட்டை. அன்றைக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. இரும்பைச் சுரண்டி எடுத்த பிறகு திரும்ப ஒட்ட முடியாதே.

இரண்டாவதாகப் போன இடத்தில் இருந்த பெரியவர் பிளாக்கைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்: "தம்பி, எந்த ஸ்டட்டு, எந்த எண்ணெய், எவ்வளவு டார்க்கு? உங்க டார்க் ரெஞ்சையும் கொண்டு வந்துடுங்க." எனக்கு அங்கேயே பாதி நிம்மதி. வீட்டில் நான் எதை வைத்து முறுக்கப் போகிறேனோ அதை வைத்தே அவரும் முறுக்கினார். முறுக்கும் விசையில் பெரும்பகுதி நட்டின் அடியிலும் மரையிலும் உராய்வாகவே போய்விடுகிறது, ஸ்டட்டை இழுப்பது மிச்சமிருக்கும் கொஞ்சம்தான். எண்ணெய் மாறினால் அந்தக் கொஞ்சமும் மாறும். கேப் முகங்களை மெல்லச் சமன் செய்து துளையைச் சின்னதாக்கி, ஸ்டட் முழு டார்க்கில் இருக்க ஹோன் செய்து வட்டத்துக்குக் கொண்டு வந்தார். இதில் கிராங்கின் மையம் ஹெட் பக்கமாகச் சில பத்து மைக்ரான் ஏறும். கிராங்க் மூக்கிலேயே ஆயில் பம்ப் உட்காரும் எஞ்சின்களில் இதைத் தனியாக யோசிக்க வேண்டும். 4ஜி63-இல் பம்ப் டைமிங் பெல்ட்டில் தனிச் சக்கரத்தில் ஓடுவதால் அந்தக் கவலை இல்லை.

இனி நான் உண்மையிலேயே நாலு நாள் தூங்காமல் கிடந்த விஷயத்துக்கு வருகிறேன்: அளவெடுப்பது.

முறை எல்லாருக்கும் தெரிந்ததுதான். மைக்ரோமீட்டரை ஜர்னலில் (கிராங்கில் பேரிங்குக்குள் சுற்றும் உருளைப் பகுதி) வைத்துப் பூட்டி, அதே மைக்ரோமீட்டருக்குள் போர் கேஜை (துளையின் உள்விட்டம் அளக்கும் கருவி) வைத்து முள்ளைப் பூஜ்யமாக்கி, பேரிங் போட்டு முறுக்கிய துளைக்குள் விட்டால் கிளியரன்ஸ் (ஜர்னலுக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி) நேராக முள்ளில் வந்துவிடும். 57 மி.மீ. ஜர்னலுக்கு நான் குறிவைத்தது 55 மைக்ரான். விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற பழைய விதிக்கு அருகில். ஐந்து மெயினிலும் வந்தது 63, 63, 60, 64, 62. எல்லாமே பெரிசு. பெரியவர் தந்த தாளில் இருந்த துளை அளவோடு கணக்குப் போட்டால் 55-ஐ ஒட்டித்தான் வர வேண்டும். அவர் தப்பா, நான் தப்பா?

மறுபடி அளந்தேன். அதே எண்கள். கேஜை மாற்றி அளந்தேன். அதே. தடிமனான பேரிங் தேடி ஆர்டர் போடும் அளவுக்குப் போய்விட்டேன். அப்புறம்தான் உறைத்தது. கிராங்க் வீட்டுக்குள் குளுகுளு அறையில் நிற்கிறது, மைக்ரோமீட்டரும் அங்கேதான். பிளாக் ஷெட்டில், தகரக் கூரைக்கு அடியில். ஒரு சாதாரணத் தெர்மாமீட்டரை இரண்டு இடத்திலும் வைத்துப் பார்த்தேன்: 24, 36. பன்னிரண்டு டிகிரி வித்தியாசம். இரும்பு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 11 மைக்ரான் சொச்சம் விரிகிறது. 57 மி.மீ.க்கு ஒரு டிகிரிக்கு 0.65 மைக்ரான், பன்னிரண்டு டிகிரிக்கு 8 மைக்ரான். நான் துரத்திக்கொண்டிருந்த வித்தியாசம் அதே 8.

பிளாக்கை இரண்டு பேர் பிடித்துத் தூக்கி அறைக்குள் கொண்டு வந்து, கிராங்க், மைக்ரோமீட்டர், போர் கேஜ் எல்லாவற்றையும் ஒரே மேஜையில் ஓர் இரவு முழுக்க விட்டேன். அவ்வளவு கனமான வார்ப்பு ஒன்றிரண்டு மணி நேரத்தில் குளிராது. காலையில் கைகூடப் படாமல் துணி கையுறை போட்டு அளந்தேன்: 54, 55, 53, 56, 55.

கையுறையைச் சும்மா சொல்லவில்லை. மைக்ரோமீட்டரின் வளைவை வெறும் கையில் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் பேசிக்கொண்டிருந்து பாருங்கள், முள் இரண்டு மூன்று மைக்ரான் நகர்ந்திருக்கும். இப்போது அதை ஸ்டாண்டில் பூட்டித்தான் வைக்கிறேன். கேஜை முன்னும் பின்னும் ஆட்டும்போது முள் ஓரிடம் வரை போய்த் திரும்பும், அந்தத் திரும்பும் இடத்தைத்தான் படிக்க வேண்டும். கேப் சேரும் கோட்டில் அளக்காதீர்கள். பேரிங் ஷெல் நடுவில் தடிமனாகவும் ஓரத்தில் மெலிதாகவும் இருக்கும்படிதான் செய்யப்படுகிறது, அங்கே அளந்தால் எப்போதும் பெரிதாகவே காட்டும். பச்சை பிளாஸ்டிகேஜும் (நசுங்கும் அகலத்தை வைத்து இடைவெளியைக் காட்டும் இழை) வைத்துப் பார்த்தேன். 50-க்கும் 60-க்கும் நடுவே என்று காட்டியது. பெரிய தவறு இல்லை என்று மனசைத் தேற்ற அது போதும், 54-ஆ 58-ஆ என்று அது சொல்லாது.

இந்த 55 தானாக வந்ததில்லை. ஏசிஎல் ரேஸ் பேரிங்கில் எச், எச்எக்ஸ் என்று இரண்டு தடிமன் உண்டு, எச்எக்ஸ் ஜோடி 25 மைக்ரான் கூடுதல் கிளியரன்ஸ் தரும். ஜோடியாக எச் போட்டால் எனக்கு 42-ஐ ஒட்டி வந்தது. ஜோடியாக எச்எக்ஸ் என்றால் 67, எனக்கு அதிகம். அதனால் ஒரு பாதி எச், ஒரு பாதி எச்எக்ஸ். ஐந்து மெயினிலும் எச்எக்ஸ் ஒரே பக்கம் இருக்க வேண்டும், கலந்து போட்டால் நேர்கோடு போய்விடும். நான் எல்லாவற்றிலும் கேப் பக்கம் போட்டேன்.

த்ரஸ்ட்டுக்கு (கிராங்க் முன்னும் பின்னும் நகரும் இடைவெளி) வந்தால் 110 மைக்ரான், திருப்தி. மூன்றாவது கேப்பை இறுதியாக முறுக்கும் முன் கிராங்கை முன்னாலும் பின்னாலும் மரச்சுத்தியால் தட்டி இரு பாதி த்ரஸ்ட் முகங்களையும் ஒரே சமனுக்குக் கொண்டு வந்துவிடுங்கள். ஏழு போல்ட் எஞ்சின்களின் கிராங்க் வாக் (த்ரஸ்ட் பேரிங் தேய்ந்து கிராங்க் முன்பின் நகர்வது) கதைகளைப் படித்துப் பயந்துபோய், இதை நான் மூன்று தடவை அளந்தேன்.

அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட் இரண்டையும் எடுத்தாகிவிட்டது. அதை ஓட்டும் சின்ன பெல்ட் அறுந்து டைமிங் பெல்ட்டுக்குள் மாட்டினால் வால்வெல்லாம் வளையும், அந்த ஆபத்து எனக்கு வேண்டாம். அந்த ஷாஃப்ட்டின் பேரிங்கைத் திருப்பி ஆயில் துளையை மூடியதை ஒரு முறைக்கு இரு முறை டார்ச் அடித்துப் பாருங்கள். அந்தத் துளை திறந்திருந்தால் இவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்த மெயின்களுக்குப் போக வேண்டிய அழுத்தம் அங்கே ஒழுகிப் போகும். பிளாக்கில் கீழ்ப்பாதி நீர்ச் சந்துகளில் சிமென்ட் போல நிரப்பும் ஃபில்லர் ஊற்றலாமா என்றும் யோசித்தேன். இழுவைப் பந்தயத்துக்கு மட்டும் ஓடும் வண்டி என்றால் ஊற்றியிருப்பேன். நான் தினமும் ஓட்டப் போகிறேன், ஆயில் சூடு ஏறும். வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்தது ராடு. ஏஆர்பி 2000 போல்ட்டோடு ஃபோர்ஜ்டு ராடுகள் பெட்டியில் இருக்கின்றன. இவற்றை டார்க் பார்த்து முறுக்கப் போவதில்லை, ஸ்ட்ரெட்ச் கேஜ் வைத்து நீளம் பார்த்துத்தான். எட்டு போல்ட்டின் முறுக்காத நீளத்தையும் அளந்து நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டாயிற்று. பின்னால் எப்போதாவது கழற்றும்போது எது நிரந்தரமாக நீண்டிருக்கிறது என்று அதை வைத்துத்தான் தெரியும். சோதனைக்கு ஒரு ராடை வைஸில் பிடித்து முறுக்கிப் பார்த்ததில், ஒரே டார்க்கில் முதல் தடவை 118 மைக்ரானும் மூன்றாவது தடவை 136-ம் நீண்டது. மரை வழவழப்பாகிக்கொண்டே வருகிறது. டார்க் எண்ணை மட்டும் நம்பினால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்திருக்காது.

ஹெட் ஸ்டட்டுக்கும் ஆர்டர் போட்டுவிட்டேன், கீழே இன்னும் முடியவே இல்லை. ஆயில் பேனுக்குள் தடுப்புத் தகடு வெட்ட அட்டையில் அளவெடுத்து வைத்திருக்கிறேன். பிஸ்டன் ரிங் இடைவெளிக்கு 85 மி.மீ. போருக்கு 0.42 மி.மீ.-இல் தொடங்கலாம் என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் ராடு பேரிங் கிளியரன்ஸ் இருக்கிறது, நாலு ஜர்னல், ஒவ்வொன்றும் 45 மி.மீ. விட்டம். ராடுகளும் மைக்ரோமீட்டரும் நேற்று இரவே அறைக்குள், கிராங்க் பக்கத்தில் மேஜைமேல் வந்துவிட்டன. நாளைக் காலையில் அளக்கிறேன்.