துக்க வீட்டுல லைவ் போடறது பத்தி கொஞ்சம் பேசணும்

இறுதி நிகழ்ச்சிகள லைவ் போடறது நான் தொடர்ந்து செய்யற வேலை. புதுசா இதுக்கு வர்றவங்க என்கிட்ட கேக்கற முதல் கேள்வி எந்த கேமரா வாங்கலாம்ங்கறதுதான், அதனாலதான் இத எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன். கேமரா அப்புறம். யாருக்காக எடுக்கறோம்ங்கறது முதல்ல மனசுல இருக்கணும். விசா கிடைக்காத மகன், ஆஸ்பத்திரில படுத்திருக்கற தங்கச்சி, நிறைமாசமா இருக்கறதால பிளைட் ஏற முடியாத பேத்தி, நடமாட முடியாத பழைய சிநேகிதர், இவங்க யாரும் அன்னிக்கு வீடியோ பார்க்க உக்காரல, துக்கத்துக்கு வந்திருக்காங்க. நம்ம லைன் கட் ஆச்சுன்னா அவங்கள ஹாலுக்கு வெளிய தள்ளி கதவ சாத்தின மாதிரி ஆயிடும். நான் அன்னிக்கு எடுக்கற எல்லா முடிவும் இதுலேர்ந்துதான் வருது.

2020ல கொரோனா வந்தப்ப பல நாடுகள்ல இறுதி நிகழ்ச்சிக்கு இத்தன பேர்தான் வரலாம்னு கட்டுப்பாடு போட்டாங்க, பெத்த பிள்ளைங்களே மொபைல்ல பார்த்து அழுத காலம் அது. அதுக்கு முன்னாடியும் சில இடங்கள்ல வெப்காஸ்ட், அதாவது இன்டர்நெட்ல நேரடியா காட்டறது, இருந்துச்சு, ஆனா குடும்பங்க தயங்காம கேக்க ஆரம்பிச்சது அப்பதான். கட்டுப்பாடெல்லாம் போயும் இது மட்டும் நிலைச்சிடுச்சு, ஏன்னா சொந்தபந்தம் ஆளுக்கொரு நாட்டுல இருக்கு.

சரி, வேலைக்கு வருவோம். என்னக் கேட்டா முதல் செலவு மைக்குக்குத்தான் பண்ணணும். படம் ரெண்டு செகண்ட் நின்னா பார்க்கறவங்க பொறுத்துப்பாங்க, பேசறவர் குரல் போச்சுன்னா அவங்களுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. கேமராவோட சொந்த மைக் ஹால் கடைசிலேர்ந்து எடுத்தா ஃபேன் சத்தம், இருமல், நாற்காலி இழுக்கற சத்தம்தான் முன்னாடி நிக்கும். ஹால்ல சவுண்ட் சிஸ்டம் இருந்தா எல்லா மைக்கும் வந்து சேர்ற மிக்ஸர் பெட்டிலேர்ந்து ஒரு லைன் வாங்கிக்குங்க, ஆனா அத மட்டும் நம்பிடாதீங்க. துக்கத்துல பேச வர்றவங்க மைக்க பார்த்து பேச மாட்டாங்க, தலைய குனிஞ்சுக்குவாங்க, பாதில குரல் உடைஞ்சு ஒண்ணும் கேக்காம போயிடும், சில பேர் மைக்க விட்டு நகர்ந்து உடல் இருக்கற பக்கம் திரும்பி நின்னு பேசுவாங்க, அந்த வார்த்தைங்கதான் தூரத்துல இருக்கறவங்களுக்கு ரொம்ப முக்கியம். அதனால பேசற இடத்துக்கிட்ட என்னோட மைக் ஒண்ணு தனியா இருக்கும், பக்கத்துல சின்ன ரெக்கார்டர் ஒண்ணும் ஓடும், ஆரம்பத்துலேர்ந்து முடியற வரைக்கும் ஹெட்ஃபோன கழட்ட மாட்டேன். சத்தத்தோட அளவ காட்டற மீட்டர் ஆடறத மட்டும் பார்த்துட்டு சத்தம் போகுதுன்னு நம்பக்கூடாது, காதால கேக்கணும்.

கேமரா வைக்கற இடம் பத்தி. நடுவுல வைக்கவே கூடாது. முன் வரிசைல இருக்கறவங்க கண்ணு எப்ப நிமிர்ந்தாலும் லென்ஸ்ல போய் முட்டினா அவங்களால அழக்கூட முடியாது. பக்கவாட்டுல சுவரோரமா, கொஞ்சம் நீளமான லென்ஸ் போட்டு, ட்ரைபாட்ல வச்சு நிறுத்திடுங்க. பீப் சத்தம், ரெக்கார்டிங் சிவப்பு லைட் ரெண்டையும் ஆஃப் பண்ணிடுங்க. பேசறவருக்குப் பின்னாடி ஜன்னல் இருந்தா ஆட்டோ எக்ஸ்போஷர், அதாவது கேமரா தானா வெளிச்சத்த சரி பண்றது, முகத்த கருப்பாக்கிடும், அதனால முன்னாடியே மேனுவல்ல செட் பண்ணிடறது நல்லது. இன்னொண்ணு, பழைய மாடல் ஸ்டில் கேமராக்கள் நிறைய 29 நிமிஷம் 59 செகண்ட்ல ரெக்கார்டிங்க தானா நிறுத்திடும், உங்க கேமரா அப்படியான்னு வீட்டுலயே ஓட்டிப் பார்த்துடுங்க.

எத காட்டறது எத காட்டக்கூடாதுங்கறதுல நான் ரொம்ப கறாரா இருப்பேன். அழறவங்க முகத்துக்கு ஜூம் போகவே மாட்டேன். அவங்க பக்கத்துல உக்காந்திருக்கறவர் கூட அந்த நேரத்துல பார்வைய தாழ்த்திக்குவார், அப்ப கேமராவும் அதத்தான் செய்யணும். அகலமான ஒரு ஷாட், பேசறவர் மேல ஒரு ஷாட், இது ரெண்டு போதும். இறந்தவர் முகத்த காட்டலாமா வேண்டாமாங்கறத நாம முடிவு பண்ணக்கூடாது, வீட்டுல கேக்கணும். சில வீட்டுல கண்டிப்பா வேண்டாம்பாங்க. சில வீட்டுல கைய புடிச்சுட்டு "தம்பி, அப்பா முகம் நல்லா தெரியணும்ப்பா, பெரியவன் அங்கேர்ந்து பார்த்துட்டிருப்பான்"னு சொல்லுவாங்க. ரெண்டுமே அவங்க உரிமை. ஆனா இந்த கேள்விய துணைய இழந்தவங்ககிட்ட போய் நேரா கேக்காதீங்க, மருமகனோ அண்ணன் மகனோ கொஞ்சம் நிதானமா இருக்கற ஒருத்தர புடிச்சு, எல்லாத்தையும் முந்தின நாளே அவர்கிட்ட பேசி முடிச்சுடுங்க. சின்ன பசங்கள காட்டலாமான்னும் அவர்கிட்டயே கேட்டுடுங்க.

அடுத்தது நெட். 720பி படத் தரத்துல, செகண்டுக்கு 30 ஃபிரேம் அனுப்ப 4 எம்பிபிஎஸ் (நெட் வேகத்தோட அளவு) போதும், ஆனா அப்லோட் ஸ்பீட், அதாவது நம்மகிட்டேர்ந்து வெளிய போற வேகம், அதுக்கு ரெண்டு மடங்காவது நிலையா இருக்கணும். டவுன்லோட் ஸ்பீட பார்த்து ஏமாறாதீங்க, அது இதுக்கு உதவாது. காலி ஹால்ல டெஸ்ட் பண்ணா சூப்பரா வரும், நிகழ்ச்சி அன்னிக்கு ஹால் நிறைய ஆளும் ஆளுக்கொரு மொபைலும் வந்ததும் அதே டவர்ல ஸ்பீட் படுத்துடும். ரெண்டு வேற கம்பெனி சிம் கைல வச்சுக்குங்க. இன்னும் தெளிவான 1080 வேணும்னு அடம்புடிக்கறத விட 720ல கட் ஆகாம போறது ஆயிரம் மடங்கு மேல். மொபைல்லயே லைவ் போடறவங்க டூ நாட் டிஸ்டர்ப் போட மறந்துடாதீங்க, நடுவுல ஒரு கால் வந்தா ஸ்ட்ரீம் நின்னுடலாம். உடல வெளிய எடுத்துட்டுப் போற நேரத்துல நீங்களும் நகரணும், அப்ப ஹால் வைஃபை எட்டாது, வயர் போட்டிருந்தா அதுவும் கழண்டுடும், எல்லாரும் மனசொடிஞ்சு நிக்கற அந்த நேரத்துல போய் லைன் மாத்திட்டிருக்க முடியாது, அதனால ஆரம்பத்துலேர்ந்தே அந்த பகுதிக்குன்னு பேட்டரில ஓடற இன்னொரு செட்ட தயாரா வச்சுக்குங்க.

எதுல போடறதுன்னு கேப்பாங்க. யூடியூப்ல புது அக்கவுன்ட்டா இருந்தா லைவ் வசதி திறக்கவே 24 மணி நேரம் வரைக்கும் ஆகலாம், மொபைல் ஆப்லேர்ந்து போடணும்னா குறைஞ்சது 50 சப்ஸ்கிரைபர் வேணும், அதனால துக்கம் நடந்த அன்னிக்கு குடும்பத்துல ஒருத்தர் புதுசா சேனல் ஆரம்பிச்சு போட்டுடலாம்னு நெனச்சா நடக்காது. ஸூம் இலவச அக்கவுன்ட் 40 நிமிஷத்துல மூடிக்கும், பிரார்த்தனை நடந்துட்டிருக்கறப்ப அப்படி ஆனா அவ்வளவு பேரையும் மறுபடி உள்ள கூட்டிட்டு வர்றது பெரும்பாடு. இறந்தவருக்குப் புடிச்ச பாட்ட போடுவாங்க, அது காப்பிரைட் உள்ள ரெக்கார்டிங்கா இருந்தா யூடியூப் லைவையே நிறுத்தற அளவுக்கு போகலாம். அந்த பாட்ட வீட்டுல ஒருத்தர் நேர்ல பாடினா ஆபத்து குறைவு, இல்லன்னா பாட்டு ஓடற நேரம் மட்டும் ஸ்ட்ரீம்ல சத்தத்த இறக்கிட்டு திரைல ரெண்டு வரி எழுதிப் போடலாம், திடீர்னு சத்தம் போனா தூரத்துல இருக்கறவங்க பதறிடுவாங்க.

லிங்க் பத்தி ஒரு விஷயம், இதுல எனக்கு ரொம்ப கோபம் உண்டு. ஃபேஸ்புக்ல இரங்கல் செய்தி வந்த கொஞ்ச நேரத்துலயே சில திருடனுங்க அதே போட்டோவ எடுத்து "லைவ் இங்க பார்க்கலாம்"னு போலி லிங்க் போட்டு, உள்ள போனா கார்டு நம்பர் கேக்கறானுங்க, பல நாட்டுல இது நடக்குது, அழுதுட்டிருக்கறவன் ஒண்ணும் யோசிக்காம நம்பரப் போட்டுடறான். அதனால லிங்க்க பொதுவுல போடவே வேண்டாம். லிங்க் இருக்கறவங்க மட்டும் பார்க்கற மாதிரி அன்லிஸ்டட்ல வச்சு குடும்பத்துல ஒரே ஆள் மட்டும் வாட்ஸ்அப்ல அனுப்பட்டும், அதோடவே "பார்க்க பணம் கிடையாது, கார்டு விவரம் யார் கேட்டாலும் போலி"ன்னு ஒரு வரி சேர்த்துடச் சொல்லுங்க. நேரம் எழுதறப்ப எந்த நாட்டு நேரம்னு போடணும், வெளிநாட்டுல இருக்கறவங்க நேரத்தயும் கணக்கு பண்ணிப் போட்டா இன்னும் நல்லது. அரை மணி நேரம் முன்னாடியே இறந்தவர் படத்தோட ஸ்ட்ரீம ஆரம்பிச்சுடுங்க, வயசானவங்க லிங்க் திறக்குதான்னு பார்த்துட்டு நிம்மதியா இருப்பாங்க. லைவ் சாட்ட நான் மூடித்தான் வைப்பேன், அஞ்சலி எழுதறவங்க குடும்பத்துக்கு நேரா எழுதட்டும்.

சில சமயம் தூரத்துல இருக்கற பிள்ளையும் பேசணும்னு கேப்பாங்க. தயவு செஞ்சு முடியாதுன்னு சொல்லிடாதீங்க, இந்த வேலைலயே பெரிய உதவி அதுதான். ஆனா யூடியூப் லைவ் பல செகண்ட் பின்னாடி ஓடும், அத பார்த்துட்டே அவர் பேச முடியாது, தனியா ஒரு வீடியோ கால்ல எடுத்து அந்த குரல ஹால் ஸ்பீக்கருக்கும் ஸ்ட்ரீமுக்கும் கொடுக்கணும், அவர் குரல் அவருக்கே திரும்பிப் போகாம பார்த்துக்கணும், இல்லன்னா எதிரொலில தடுமாறிப் போயிடுவார். முந்தின நாளே அவர்கிட்ட ஒரு தடவ பேசிப் பார்த்துக்குங்க, அப்படியே அவர் பேசப் போறத ரெக்கார்ட் பண்ணியும் அனுப்பச் சொல்லி வாங்கி வச்சுக்குங்க. லைன் வரலன்னா அத ஓட்டலாம்.

ஸ்ட்ரீம் எப்படிப் போனாலும் கேமரா கார்டுல முழுசா ரெக்கார்ட் ஆகிட்டே இருக்கணும். ஃபேஸ்புக்ல போடற லைவ் வீடியோ 2025 பிப்ரவரிலேர்ந்து 30 நாள்தான் இருக்கும், அப்புறம் அழிஞ்சுடும், அங்க இருக்குன்னு நம்பி விட்டுடாதீங்க. குடும்பத்துக்கு வீடியோ ஃபைல கொடுக்கறப்ப உடனே பாருங்கன்னு சொல்லாதீங்க, சில பேர் அன்னிக்கு ராத்திரியே பார்ப்பாங்க, சில பேர் வருஷக்கணக்கா திறக்க மாட்டாங்க, அதனால நம்மகிட்டயும் ரெண்டு இடத்துல காப்பி இருக்கட்டும், அழிக்கறதுக்கு முன்னாடி அவங்கள கேட்டுடுங்க. கூடவே ஒரு சின்ன குறிப்பு எழுதிக் கொடுப்பேன், யார் பேசினது எத்தனாவது நிமிஷத்துல வருதுன்னு. அம்மாவப் பத்தி மாமா சொன்னத மட்டும் கேக்கணும்னு நெனைக்கற பொண்ணு, உடல எடுத்துட்டுப் போற காட்சிய மறுபடி பார்க்காமலே நேரா அங்க போயிடலாம்.