ஐந்து டாலர்

மார்ச் 3
பேசக்கூடாது என்கிறார் டாக்டர். சரி.

மார்ச் 4
அமெரிக்க நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சனின் ‘மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்’ நாடகத்தை மறுபடி கையில் எடுத்தேன். 1927, சிகாகோ, ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ. பாட வேண்டியவள் மா ரெய்னி, கறுப்பின ப்ளூஸ் பாடகி. தாமதமாக வருகிறாள். வந்த பிறகும், கோக் வாங்கி வந்தால்தான் பாடுவேன் என்கிறாள். இதைத் திமிர் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அந்த வெள்ளைக்கார முதலாளிக்கு வேண்டியது அவள் குரல் மட்டும். குரல் இசைத்தட்டில் ஏறி, ஒப்புதல் தாளில் கையெழுத்தும் விழுந்துவிட்டால் அவள் யாரோ. அது அவளுக்குத் தெரியும். அதனால்தான் கையெழுத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறாள்.

மார்ச் 5
போனில் எனக்காக அக்கா பேசுகிறாள். நான் சொல்லாததையும் சேர்த்துச் சொல்கிறாள். கோபம் வருகிறது. நோட்டில் எழுதுவதற்குள் ஆறிவிடுகிறது.

ரிசல்ட் இன்னும் வரவில்லை.

மார்ச் 7
நிஜ மா ரெய்னியைக் கேட்டேன். 1923 முதல் 1928 வரை பாரமவுண்ட் கம்பெனிக்குப் பாடியவை. விஸ்கான்சினில் நாற்காலி செய்துகொண்டிருந்தவர்கள் நடத்திய கம்பெனி அது. மூலத் தகடுகள் பழைய உலோக விலைக்குப் போய்விட்டன. இன்று கேட்பதெல்லாம் யார் யார் வீட்டிலோ தேய்ந்த தட்டுகளிலிருந்து எடுத்தது. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து அவள் பாடுகிறாள்.

மார்ச் 8
தூக்கமில்லை. நாடகத்தில் வரும் லெவீ என்ற அந்தப் பையன். டிரம்பெட் வாசிப்பவன், சொந்தமாகப் பாட்டு எழுதுகிறவன், தனி பேண்ட் வைக்கும் கனவில் இருப்பவன். பாட்டுக்கு ஐந்து டாலர் தருகிறேன், ரெக்கார்டிங் கிடையாது என்று முதலாளி சொல்லிவிடுகிறார். அவரை அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கத்தி டொலிடோ மேல் பாய்கிறது, ஷூவை மிதித்துவிட்டான் என்று. பேண்டிலேயே படிக்கத் தெரிந்தவன் டொலிடோ ஒருவன்தான்.

மார்ச் 9
ஐந்து டாலர்.

மார்ச் 11
கஞ்சி இறங்கவில்லை. டாக்டர் போனை எடுக்கவில்லை.

மா ரெய்னி 1939இல் இறந்தாள். சொந்த ஊரான ஜார்ஜியாவில் தியேட்டர்கள் நடத்தியவள். இறப்புச் சான்றிதழில் தொழில் என்ற இடத்தில் வீட்டு வேலை என்று எழுதியிருக்கிறார்கள்.

அப்புறம் பெஸ்ஸி ஸ்மித், இன்னொரு ப்ளூஸ் பாடகி. 1937இல் ஆயிரக்கணக்கான பேர் கூடி அடக்கம் செய்தார்கள். 1970 வரை கல்லறைக்குப் பெயர்க்கல் இல்லை. பாடகி ஜானிஸ் ஜாப்ளினும், சின்ன வயதில் பெஸ்ஸி வீட்டில் வேலை பார்த்த ஜுவானிட்டா கிரீனும் பணம் போட்டுக் கல் வைத்தார்கள். வில்சன் பெஸ்ஸியின் பாட்டை முதன்முதலில் கேட்டது 1965இல், பிட்ஸ்பர்கில், இருபது வயதில். ஒரே தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறார். அன்றைக்கும் அந்த மண்ணில் பெயர் இல்லை. இதை அக்காவிடம் சொல்லியே ஆக வேண்டும்போல் இருந்தது. மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, “அந்தப் பாட்டைப் போடு” என்றாள்.

மார்ச் 12
சில்வெஸ்டர். நாடகத்தில் மா ரெய்னியோடு வரும் திக்குவாய்ப் பையன், அவள் கூடப்பிறந்தவரின் மகன். பாட்டுக்கு முன்னுரை அவன்தான் பேச வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். தட்டு வீணாகிறது என்று எல்லாரும் பதறுகிறார்கள். ஆகட்டும், அவன்தான் சொல்வான். அவனுக்குத் தனிச் சம்பளமும் வேண்டும். கடைசியில் திக்காமல் சொல்லிவிடுகிறான்.

நாளைக்கு ஒன்பதரைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.