சாயங்கால எரிச்சலுக்குக் காபி நேரத்தையும் கேளுங்கள்

மாலை நாலு மணிக்கு மேல் காரணமே இல்லாமல் எரிச்சல் வருகிறதா? முந்தைய நாள் கடைசிக் காபியை எத்தனை மணிக்குக் குடித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

உடம்பில் சேர்ந்த காஃபீன் பாதியாகக் குறைய சராசரியாக 5 மணி நேரம் ஆகும். மாலை 5 மணிக்குக் குடித்ததில் பாதி இரவு 10 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். நாள் முழுக்க மூளையில் சேரும் அடினோசின்தான் நமக்குத் தூக்கத்தை வரவழைக்கிறது. அது போய் ஒட்ட வேண்டிய இடத்தைக் காஃபீன் அடைத்துக்கொள்ளும். "காபி குடித்தாலும் எனக்கு நன்றாகத் தூக்கம் வரும்" என்பவர்கள் உண்டு. வரும்தான். ஆனால் ஆழ்ந்த உறக்கம் குறைந்துபோனது தூங்கியவருக்குத் தெரியாது.

அரைகுறையாகத் தூங்கி எழுந்தால் மறுநாள் பசி கூடும், இனிப்பின் மேல் கை போகும். வெறும் மாவுச்சத்தாகச் சாப்பிட்டால் ரத்தச் சர்க்கரை விறுவிறுவென ஏறும். சிலருக்கு அது அதே வேகத்தில் இறங்கும்போது அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து படபடப்பு, கை நடுக்கம், சிடுசிடுப்பு எல்லாம் வரும். மனக்கவலை என்று நினைத்து இன்னொரு காபியைக் குடிப்பார்கள். அன்றைய தூக்கமும் போகும்.

இதற்காக எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், நிலைக்காது. முதலில் காபி. படுக்கும் நேரத்துக்கு 8 மணி நேரம் முன்பே கடைசிக் கோப்பையை முடித்துவிடுங்கள். தினமும் நாலு கோப்பை குடிப்பவர் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு கோப்பை வீதம் குறைக்கலாம். சட்டென்று நிறுத்தினால் ஒரு நாளுக்குள் தலைவலி பிடிக்கும். அதற்குப் பயந்தே பலர் பழையபடி ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அடுத்தது காலை உணவு. அதில் 20 கிராம் புரதமாவது இருக்கட்டும். இரண்டு முட்டையில் 12 கிராம்தான் கிடைக்கும், கூடவே அரைக் கோப்பை வேகவைத்த பருப்பு இருந்தால் கணக்கு சரியாகிவிடும். சாப்பிடும் வரிசையும் முக்கியம்: காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டுவிட்டு மாவுச்சத்துக்கு வந்தால், அதே சாப்பாட்டுக்குச் சர்க்கரை குறைவாகவே ஏறும். சாப்பிட்டதும் பத்து நிமிடம் நடந்தால் இன்னும் நல்லது.

மனநிலையோடு தொடர்புள்ள செரோடோனின் என்ற ரசாயனத்தில் 90 சதவீதம் குடலில் உருவாகிறது, அதனால் குடலைக் கவனித்தால் மகிழ்ச்சி தானாக வரும் என்கிறார்கள். முதல் பாதி உண்மை. ஆனால் அந்தச் செரோடோனின் ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது, மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்கிறது. உணவுக்கும் மனச்சோர்வுக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் இருக்கிறது. 2017இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களுக்கு 12 வாரம் உணவு ஆலோசனை தந்தார்கள். அவர்களில் 32 சதவீதம் பேருக்கு நோய் தணிந்தது. பேச்சுத்துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம். மொத்தம் 67 பேர்தான், சிறிய ஆய்வு. பெரும்பாலோர் வழக்கமான சிகிச்சையையும் தொடர்ந்தார்கள். எனவே உணவை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

இவ்வளவு செய்தும் அசதி, மறதி, கால் மரத்துப்போவது நீடித்தால் ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் வைட்டமின் பி12ஐயும் பாருங்கள். முட்டை, பால், இறைச்சி எதுவும் தொடாதவர்களுக்கும், சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மினை நெடுநாள் எடுப்பவர்களுக்கும் பி12 குறைய வாய்ப்பு அதிகம். பி12 குறைவைப் பார்க்காமலே ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் விழுங்கினால் ரத்தசோகை சரியானதுபோலத் தெரியும், ஆனால் அந்தக் குறைவால் உள்ளே நரம்பு பாதிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும்.