எத்தனை டின் அரிசி?

"மூளியலங்காரிக்கு அரிசி குறைவில்லை. மனசுதான் குறைவு."

நான் சொன்னதுதான், நல்லதங்காள் கதையில் பசியோடு வந்த நாத்தனாருக்குச் சோறு போடாத அண்ணியைப் பற்றி. சொன்னதும் பிள்ளைகள் கை தட்டினார்கள். 2014-இல் ஒரு சனிக்கிழமை, கோயில் மண்டபத்தில், மலேசியாவின் ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.முக்குத் தமிழ் இலக்கிய வகுப்பு. மொத்தம் ஆறு பேர். கை தட்டியது ஐந்து பேர் என்பதை அன்றைக்கே கவனித்தேன். ஆறாவது ஆள் கேள்வி கேட்டவள்.

அவள் கேட்டது இதுதான்: "டீச்சர், நல்லதங்காள் ஏழு பிள்ளைங்களோட வந்த அன்னிக்கு மூளியலங்காரி எத்தனை டின் அரிசி போட்டிருக்கணும்?"

எல்லோரும் சிரித்தார்கள். டின் என்றால் பால் டின். நம் வீடுகளில் அரிசிக்கு அதுதான் அளவு. ராஜா காலத்துக் கதைக்குள் பால் டின் வந்ததும் எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. பேனாவை மூடித் திறந்துகொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள். நான் பதில் சொன்னேன், கைதட்டல் வந்தது, அடுத்த பாடத்துக்குப் போனோம்.

கதைப்படி என் பதிலில் தப்பில்லை. இதை எத்தனை முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று கணக்கில்லை. பன்னிரண்டு வருடப் பஞ்சம் நல்லதங்காள் வாழ்க்கைப்பட்ட மானாமதுரைக்குத்தான். அண்ணன் நல்லதம்பி ஆண்ட அர்ச்சுனாபுரத்தில் பஞ்சமில்லை. குதிரில் நெல் இருந்தது. இருந்தும் அண்ணி கேழ்வரகையும் ஓட்டைப் பானையையும் ஈர விறகையும்தான் கொடுத்தாள். பிள்ளை எடுத்த மாங்காயைப் பிடுங்கினாள். இதில் 'எத்தனை டின்' என்ற கேள்விக்கு இடமே இல்லை. வத்திராயிருப்புப் பக்கம், பிள்ளைகளைத் தள்ளித் தானும் குதித்த அந்தக் கிணறும் நல்லதங்காளுக்குக் கோயிலும் இருக்கின்றன. மூளியலங்காரிக்குக் கோயில் இல்லை. அவள் பெயரே ஒரு தீர்ப்பு மாதிரிதான் இருக்கிறது.

ஆகவே நான் சொன்னது சரி. ஆனால் யாரிடம் சொன்னேன் என்பதில்தான் எனக்கு இன்னும் உறுத்தல்.

அந்த ஆறு பேரைச் சேர்க்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். 2010-இலிருந்து எஸ்.பி.எம். தேர்வுக்குப் பத்துப் பாடம்தான் என்று முதலில் சொன்னார்கள். நம் ஆட்கள் கூச்சல் போட்ட பிறகு தமிழுக்கும் இலக்கியத்துக்குமாக மேலே இரண்டு எடுக்கலாம் என்று விட்டார்கள். அந்த இரண்டும் உபகாரச் சம்பளக் கணக்கில் சேராது என்றதும் பெற்றோர் பின்வாங்கிவிட்டார்கள். சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தையில் (2007-இலேயே பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது, வாய்தான் மாறமாட்டேன் என்கிறது) ஒவ்வொரு தாமானாக, குடியிருப்பு குடியிருப்பாகப் போய், "உங்க பிள்ளை எழுதும், நான் பார்த்துக்குறேன்" என்று சொல்லிச் சேர்த்த பிள்ளைகள் அவர்கள். அவள் வீட்டுக்கு மட்டும் நான் போகவில்லை. தோழியோடு மோட்டாரில் அவளாகவே வந்து உட்கார்ந்தவள்.

பெண்களின் துயரம் என்று வந்தால் எனக்கு ஒரு வரிசை உண்டு. கண்ணகியில் தொடங்குவேன். பிறகு ஃபீஜித் தீவுக் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பற்றிய பாரதி பாட்டு. அங்கே அவர்கள் விம்மி அழும் குரலைக் கேட்டிருப்பாய் என்று அவர் காற்றிடம் சொல்லும் இடத்தில் மண்டபமே அமைதியாகிவிடும். நம் பாட்டிமார் கரும்பு வெட்டவில்லை, ரப்பர் மரத்தில் பால் வெட்டினார்கள். வந்த கப்பல் வேறு, கங்காணி வேறு, அழுகை ஒன்றுதான். அது பிள்ளைகளுக்கு யாரும் சொல்லாமலே விளங்கும். கடைசியில் நல்லதங்காள். பாடத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் ஒவ்வொரு வருடமும் சொல்வேன். என் அம்மா சொன்ன ராகத்திலேயே கொஞ்சம் இழுத்துச் சொல்வேன், அதில் எனக்கு ஒரு பெருமை.

இப்போது யோசித்தால், பாரதி பாட்டில் கொடுமை செய்தவன் வெளியாள். நல்லதங்காள் கதையில் கொடுமை செய்தவள் அடுப்படியில் நிற்கிறாள். அண்ணன்காரன் எங்கே? வேட்டைக்குப் போயிருந்தான். பிள்ளைகளும் அவனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு பயிற்சிக் கட்டுரை கொடுத்தேன். "இலக்கியத்தில் பெண் படும் துயரத்தை ஒரு பாத்திரத்தின்வழி விளக்குக." ஐந்து பேரில் மூவர் கண்ணகி, இருவர் நல்லதங்காள். அவள் மூளியலங்காரியைப் பற்றி எழுதியிருந்தாள். மூன்று பக்கம். கையெழுத்து சாய்ந்து சாய்ந்து ஓடியது.

"மூளியலங்காரி முன்பு இரண்டு டின் அரிசி போட்டாள். இப்போது ஐந்து டின் போடுகிறாள். ஆனால் சம்பளம் ஒன்றுதான்" என்று ஒரு வரி. 'சம்பளம்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஓரத்தில் "ராஜா வீட்டில் ஏது சம்பளம்?" என்று எழுதினேன். அந்த வட்டத்தைப் போட்ட கை என் கைதான். சம்பளம் வாங்கும் ராஜா யார் என்று ஒரு நிமிடம் நிதானித்திருந்தால் போதும். அந்த வருடம் குறைந்தபட்சச் சம்பளம் 900 ரிங்கிட். அவள் அப்பாவைப் போலச் செம்பனை லோரி ஓட்டும் ஒருவர் வீட்டுக்கு அதைவிடக் கொஞ்சம் கூட வந்திருக்கலாம்.

அடுத்த பக்கத்தில், மூளியலங்காரி மைலோ பானப்பொடி டின்னைத் துணிக்கூடைக்கு அடியில் மறைத்து வைத்தாள் என்று எழுதியிருந்தாள். இராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு தன் கடைசிப் பிள்ளைக்கு மட்டும் கலக்கிக் கொடுத்தாளாம். கொடுத்துவிட்டு, குவளையைக் கழுவும் சத்தம் கேட்கக்கூடாது என்று குழாயை நூல் மாதிரி திறந்தாளாம். கடைசி வரி இது: "மணிமேகலையின் அமுதசுரபி இவள் கையில் இருந்திருந்தால் இவளும் நல்லவள் என்றே பெயர் எடுத்திருப்பாள்."

இருபதுக்கு நான்கு கொடுத்தேன். கீழே "கேள்வியை மீண்டும் படிக்கவும்" என்று எழுதினேன்.

கேள்வியை மீண்டும் படித்திருக்க வேண்டியது நான்தான். 'ஒரு பாத்திரத்தின்வழி' என்றுதான் கேட்டிருந்தேன். எந்தப் பாத்திரம் என்று சொல்லவில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது, அதற்குள் அவள் வருவதை நிறுத்திவிட்டாள்.

அந்த நான்கு மதிப்பெண்ணுக்குக் காரணம் திருத்தும் முறை என்று நான் சொல்லலாம். தேர்வில் இப்படி எழுதினால் மாட்டிக்கொள்வாள், முன்கூட்டியே எச்சரித்தேன் என்றும் சொல்லலாம். அப்படித்தான் அவள் தோழியிடம் சொன்னேன். உண்மைக் காரணம் அந்த மைலோ டின் என்று இப்போது நினைக்கிறேன்.

நாங்கள் இருந்த தோட்டம் கைமாறியபோது எனக்கு எட்டு வயது. வேலை போனால் வீடும் போகும், லயத்து வாழ்க்கை அப்படித்தான். அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அம்மா எங்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்கு வந்தார். இரண்டு அறை, ஒன்பது பேர். அத்தையிடம் ஒரு மைலோ டின் இருந்தது. அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியைத் தாலிக்கயிற்றில் முடிந்துகொள்வார். அம்மா விடிகாலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்து ஆள்கணக்குக்கு, போன பிறகு, உள்ளே கரண்டி டம்ளரில் தட்டும் சத்தம் எனக்குக் கேட்கும். பாயில் படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தை எண்ணுவேன். அம்மா இராத்திரியில் நல்லதங்காள் கதையை மெல்லிய குரலில் சொன்னது எங்களுக்காக மட்டுமில்லை. தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்த காதுக்கும் சேர்த்துத்தான்.

ஆக, மூன்று தலைமுறையாக இந்தக் கதையை நாங்கள் கேட்டது பாயில் படுத்திருந்த பிள்ளையின் பக்கத்திலிருந்து. அவள் கேட்டது அலமாரியின் பக்கத்திலிருந்து.

அவள் வீட்டு நிலவரம் தோழி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பாவின் தங்கை ஜொகூரிலிருந்து நான்கு பிள்ளைகளோடு வந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. "அவங்க அத்தை வந்திருக்காங்க டீச்சர்" என்று அந்தப் பெண் சொன்னபோது ஒரு கணம் எனக்குக் குழம்பிப் போனது. எனக்கு அத்தை என்றால் மாமன் பெண்டாட்டி, பானையைக் காத்தவள். அவளுக்கு அத்தை என்றால் அப்பாவின் தங்கை, பானையைத் தேடி வந்தவள். இத்தனை வருடமாகத் தமிழ் சொல்லிக்கொடுத்தும், அந்த ஒரு சொல் இரண்டு பேரையும் சுமக்கிறது என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

சரி, போய்ப் பார்க்கலாம் என்று கிளம்பினேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று பத்துக் கிலோ அரிசி, எண்ணெய், ஒரு பெரிய மைலோ. அந்த மைலோவை ஏன் வாங்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கடையில் ஒருமுறை எடுத்துத் திரும்ப வைத்துவிட்டு, மறுபடியும் எடுத்தேன். வாசலில் ஒன்பது ஜோடிச் செருப்பு. சுவரோரம் சாய்த்துக் காயவைத்த வெள்ளைப் பள்ளிக் காலணிகள் தனி. அவள் அம்மா கதவை ஒரு முழம் திறந்து, அந்த இடைவெளியில் நின்றுகொண்டார்.

"உள்ள வாங்கன்னு சொல்லக்கூட இடமில்ல டீச்சர், எல்லாம் போட்டது போட்டபடி கெடக்கு."

"பரவாயில்லைம்மா. பிள்ளை வகுப்புக்கு..."

"அவதான் வேணாங்குறா. வேல இருக்குல்ல டீச்சர்."

பையை நீட்டினேன். வாங்கும்போது மேலே தெரிந்த மைலோவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மகள் என்ன எழுதினாள் என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா? கட்டுரைத் தாள் அந்த வீட்டில்தான் இருந்தது. தெரிந்திருந்தால், ஒரு ஆசிரியை என் வீட்டு இரகசியத்தைப் பையில் போட்டு வாசலில் கொண்டுவந்து நிற்கிறாள் என்றுதானே நினைத்திருப்பார். கதவுக்குப் பின்னால் யாரோ நடமாடும் நிழல் தெரிந்தது. அவளாகவும் இருக்கலாம், அவள் அத்தையாகவும் இருக்கலாம்.

சிறுபாணாற்றுப்படையில் ஒரு கிணைமகள், அதாவது கிணைப்பறை கொட்டுபவன் வீட்டுப் பெண், குப்பையில் முளைத்த கீரையை உப்பில்லாமல் வேகவைத்து, அதை மற்றவர்கள் பார்த்துவிடக்கூடாதே என்று நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்பாள். வறுமையைச் சொல்லும் அருமையான இடம் என்று எத்தனை தடவை வகுப்பில் வியந்து சொல்லியிருக்கிறேன். அடைத்த கதவுக்கு வெளியே நின்று தட்டியவர்களைப் பற்றி அந்தப் பாட்டில் இல்லை.

இதையெல்லாம் எழுதும்போதே ஒரு எதிர்க்குரலும் உள்ளே கேட்கிறது. மூளியலங்காரிக்கு வக்கீலாகப் போய்விடாதே என்கிறது. ஓட்டைப் பானை ஓட்டைப் பானைதான். ஜொகூரிலிருந்து வந்த அந்தப் பெண்ணின் நான்கு பிள்ளைகளும் இராத்திரி குழாய்ச் சத்தத்தை எண்ணியிருக்கும், நான் எண்ணியது மாதிரி. அவர்கள் பக்கத்திலிருந்து யார் எழுதுவது? கதை ஏற்கனவே அவர்கள் பக்கம்தான் இருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் கதையில் பக்கம் இருந்து என்ன, மைலோவில் இல்லையே. அன்றைக்கு அவள் கேள்விக்கு நான் என்னதான் சொல்லியிருக்க வேண்டும்? "தெரியலம்மா, நீ எத்தனை போடுவ?" என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். ஐந்து பேர் முன்னால் அவள் வாயைத் திறந்து "அஞ்சு" என்று சொல்லியிருந்தால் அது இன்னும் மோசமாகப் போயிருக்குமோ என்றும் தோன்றுகிறது. என் கைதட்டல் வாக்கியம் அவளை ஒருவிதத்தில் காப்பாற்றியது என்றுகூட ஒருநாள் நினைத்துப் பார்த்தேன். அந்த நினைப்பு ஒருநாளுக்கு மேல் நிற்கவில்லை.

அவள் எஸ்.பி.எம். எழுதினாள், இலக்கியத்தை விட்டுவிட்டு. இப்போது கோலசிலாங்கூரில் ஒரு பேரங்காடியில் கல்லாவில் இருக்கிறாள். என்னைப் பார்த்தால் "டீச்சர் நல்லா இருக்கீங்களா" என்பாள், சாமான்களை ஒவ்வொன்றாக இழுத்து விடுவாள். நான் கட்டுரையைப் பற்றிப் பேச்செடுத்ததில்லை. அவள் வரிசையில் நிற்கும் நாளில் மைலோ வாங்குவதில்லை, அவ்வளவுதான்.

போன வருடமும் நல்லதங்காள் சொன்னேன். மூளியலங்காரி இடம் வந்ததும் தயங்கினேன். பிள்ளைகள் முகத்தைப் பார்த்தேன். "அரிசி குறைவில்லை, மனசுதான் குறைவு" என்று சொல்லிவிட்டேன். கை தட்டினார்கள்.

அந்தத் தீபாவளிக்கு அத்தையைப் பார்க்கப் போயிருந்தேன். எண்பதைத் தாண்டிவிட்டார். அம்மாவும் இல்லை, மாமாவும் இல்லை. இன்னும் அவரேதான் சமைக்கிறார், பால் டின்னால்தான் அளக்கிறார், விளிம்பெல்லாம் துருப்பிடித்த டின். சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன்.

"அத்தை, நாங்க வந்து இருந்தோமே, அப்ப ஒரு வேளைக்கு எத்தனை டின் போடுவீங்க?"

யோசிக்கவே இல்லை. "நாலு" என்றார். ரசத்தை ஊற்றிவிட்டு, "அஞ்சு போட்டிருக்கணும்" என்றார்.

அது கணக்கா, வேறெதுவுமா என்று எனக்குப் பிடிபடவில்லை. இலையைப் பார்த்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னேன்.