இடைத்தரகரின் செல்பேசியில் முடங்கிய என் ஜிஎஸ்டி விண்ணப்பம்

ஜிஎஸ்டி பதிவுக்கு அரசுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. பதிவுக் கட்டணம் என்று ஒன்று கிடையவே கிடையாது. எங்கள் பகுதியில் இடைத்தரகர்கள் அந்தக் ‘கட்டணத்தை’ 3,500 ரூபாய் என்று சொல்லி வாங்குகிறார்கள். நானும் கொடுத்தேன். கொடுத்த பணத்தைவிட, அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்றுவரை நெஞ்சில் எரிகிறது. எண் கைக்கு வந்துவிட்டது, கோபம் ஆறவில்லை. வடசென்னையில் வீட்டோடு தொழில் செய்யும் பெண்கள் பலர் இதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கொருக்குப்பேட்டையில் வாடகை அறை ஒன்றில் நைட்டி தைத்துக் கொடுக்கிறேன். துணி கோடவுன் தெருவில் எடுப்பேன். தைத்த சரக்கு பெரும்பாலும் எம்.சி. ரோடு கடைகளுக்குப் போகும். பொருள் விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். நான் அதன் பக்கத்தில்கூட இல்லை என்பதால் இத்தனை ஆண்டுகளும் பான் எண்ணோடு வண்டி ஓடியது. நெல்லூர்க் கடை ஒன்று மொத்தமாக நைட்டி கேட்டபோதுதான் சிக்கல் வந்தது. என்னைப் போல் சரக்கு தயாரித்து வேறு மாநிலத்துக்கு விற்பவருக்கு அந்த 40 லட்ச வரம்பு பொருந்தாது. முதல் பில்லுக்கே பதிவு வேண்டும். நெல்லூர் நமக்குப் பக்கத்து ஊர்தான், ஆனால் மாநிலம் ஆந்திரம்.

“டின் நம்பர் இருந்தால் பில் போட்டு அனுப்புங்கள் அம்மா” என்றார் அந்தக் கடைக் கணக்கர். எம்.சி. ரோட்டிலும் பழைய வியாபாரிகள் இன்னும் டின் என்றுதான் சொல்கிறார்கள். டின் என்பது வாட் வரிக் காலத்து எண், பதினொரு இலக்கம் கொண்டது. 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோதே துணி வியாபாரத்தில் அதன் வேலை முடிந்துவிட்டது. இன்று யாராவது டின் எண் வாங்கித் தருகிறேன் என்றால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். இப்போதுள்ள ஜிஎஸ்டி எண் பதினைந்து இடங்கள் கொண்டது. தமிழ்நாட்டுக்கு உரிய 33 முதலில் வரும். அடுத்த பத்து இடங்களில் உங்கள் பான் எண் அப்படியே உட்கார்ந்திருக்கும். கடைசி மூன்று இடங்கள் அவர்களே போடுவது. ஆக, பான் சரியாக இல்லாமல் ஜிஎஸ்டி எண் கிடையாது.

தெரு முழுக்க எல்லாச் சான்றிதழுக்கும் போகிற பிரவுசிங் சென்டருக்குத்தான் நானும் போனேன். அங்கிருந்தவர் அடுக்கடுக்காகச் சொன்ன யோசனைகளை இங்கே பதிவு செய்தே ஆக வேண்டும். ஏனென்றால் ஒன்றுகூடச் சரியில்லை.

முதலாவது, “கடை பெயரில் தனி பான் எடுக்க வேண்டும் அக்கா” என்றார். தனி உரிமையாளராகத் தொழில் செய்பவருக்கு அவருடைய சொந்தப் பான்தான் தொழிலுக்கும். ஒருவர் பெயரில் இரண்டு பான் இருந்தால் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. அடுத்தது, டான் எண்ணும் சேர்த்து எடுத்துவிடலாம் என்றார். டான் என்பது பிறருக்குக் கொடுக்கும் பணத்தில் வருமான வரி பிடித்தம் செய்பவர்களுக்கான எண். முந்தைய ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடியைத் தாண்டாத, வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் வாங்கும் ஆள் யாரும் இல்லாத என்னைப் போன்ற தனி உரிமையாளருக்கு அது எதற்கு? பீஸ் கணக்கில் தைக்கும் பெண்களின் கூலியில் நான் என்ன வரி பிடிக்கப் போகிறேன்? கடைசியாக, சிறு வியாபாரிகளுக்கான காம்பொசிஷன் என்ற எளிய வரித் திட்டத்தில் சேர்ந்தால் ஒரு சதவீதம் மட்டும் கட்டினால் போதும் என்று ஆசை காட்டினார். அதில் சேர்ந்தவர்கள் வெளிமாநிலத்துக்கு விற்கவே கூடாது. நான் பதிவு கேட்டதே நெல்லூருக்கு விற்பதற்காக! நல்லவேளையாக, பி.காம். படிக்கும் என் அக்கா மகள் கூடவே இருந்து மூன்றையும் தடுத்துவிட்டாள்.

விண்ணப்பம் போய்விட்டது என்று, அதைக் கண்டுபிடிக்க உதவும் ஏஆர்என் எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தார். ஆதார் சரிபார்ப்பு முடிந்த விண்ணப்பமென்றால் பொதுவாக ஏழு வேலை நாட்களுக்குள் அதிகாரி ஏதாவது ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அந்தக் கெடு தாண்டியும் எனக்கு ஒரு குறுஞ்செய்திகூட வரவில்லை. அவரைக் கேட்டால், “வரும் அக்கா, மேலிடத்தில் இருக்கிறது” என்பதே பதில்.

நேரில் கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன். ரயில்வே கேட் மூடியிருந்ததில் காலைப் பொழுது பாதி போயிற்று. மாநில வணிகவரி அலுவலகத்தில் காகிதத்தை வாங்கிப் பார்த்த எழுத்தர் உட்காரச் சொன்னார். சாப்பாட்டு நேரம் முடிந்தும் கூப்பிடவில்லை. மறுபடி போய் நின்றபோது கணினியில் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இது எங்களிடம் இல்லை அம்மா, சென்ட்ரலுக்குப் போயிருக்கிறது” என்று காகிதத்தை நீட்டினார். பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிடத்தைக் காலையிலேயே செலவழித்திருந்தால் எனக்கு ஒரு நாள் கூலி மிஞ்சியிருக்கும். வரிசையில் நிற்பவரும் உழைத்துச் சாப்பிடுகிறவர்தான் என்ற நினைப்பு அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு வேண்டும். ஜிஎஸ்டி விண்ணப்பங்கள் மாநில வணிகவரித் துறைக்கும் மத்திய ஜிஎஸ்டி துறைக்கும் பிரித்து அனுப்பப்படுகின்றன. நம் விண்ணப்பம் யாரிடம் போயிருக்கிறது என்று தெரியாமல் பஸ் ஏறாதீர்கள். ஜிஎஸ்டி உதவி மையத்தின் கட்டணமில்லா எண் 1800-103-4786. முதலில் அங்கே கேளுங்கள்.

மத்திய அலுவலகத்தில் இருந்த பெண் அதிகாரி பொறுமையாகப் பேசினார், ஆனால் சொன்ன செய்தி இடியாக இறங்கியது. “விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பினோமே, பதில் வரவில்லை. நிராகரித்துவிட்டோம்.” எங்கே அனுப்பினீர்கள் என்று கேட்டேன். திரையைத் திருப்பிக் காட்டினார். மின்னஞ்சல் முகவரியில் இருந்தது பிரவுசிங் சென்டரின் பெயர். செல்பேசி எண்ணும் அந்த சென்டர்காரருடையதே. நோட்டீஸ் ஆர்இஜி-03 என்ற படிவத்தில் வரும், ஏழு வேலை நாட்களுக்குள் ஆர்இஜி-04 படிவத்தில் பதில் போட வேண்டும். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஜிஎஸ்டி தளத்தில் உங்கள் கணக்குக்குள் நுழையும் ஓடிபி எவருடைய செல்பேசிக்குப் போகிறதோ அவர்தான் நடைமுறையில் உங்கள் கடைக்கு முதலாளி. உங்கள் பெயரில் பில் போடலாம், கணக்குத் தாக்கல் செய்யலாம். கூலி வேலை செய்பவர்களுக்கு லட்சக்கணக்கில் வரி நோட்டீஸ் வந்ததாக நாளிதழ்களில் படிக்கிறோமே, அவர்களுடைய பானையும் ஆதாரையும் யாரோ பயன்படுத்தியதால் வந்த வினை அது. தளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பகுதியில் உங்கள் பான் எண்ணைப் போட்டால், அதன் மேல் எடுக்கப்பட்ட ஜிஎஸ்டி எண்கள் எல்லாம் தெரியும். யாரிடமாவது பான் நகல் கொடுத்திருந்தால் இன்றே பாருங்கள்.

நோட்டீஸில் கேட்டிருந்த கேள்வி என்னவோ நியாயமானதுதான். வாடகை ஒப்பந்தத்தில் இருப்பது வீட்டுக்காரர் பெயர். மின்வாரிய ரசீதில் இருப்பது எப்போதோ காலமாகிவிட்ட அவருடைய அப்பாவின் பெயர். எங்கள் பக்கம் பாதி வீடுகளில் இதே நிலைதான். மின் இணைப்பின் பெயரை மாற்றிவிட்டு வா என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன். அதற்குத் தேவையே இருக்கவில்லை. வீட்டுக்காரரின் உரிமைக்குச் சான்றாகச் சொத்து வரி ரசீது, மின்கட்டண ரசீது போன்றவற்றில் ஏதாவது ஒன்று போதும். மத்திய வரி வாரியம் 2025 ஏப்ரல் 17-இல் வெளியிட்ட அறிவுறுத்தலில் இது தெளிவாக இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் பதிவு செய்யப்படாததாக இருந்தால் வீட்டுக்காரரின் அடையாளச் சான்றையும் சேர்க்க வேண்டும்.

வீட்டுக்காரப் பெரியவர் சொத்து வரியை மட்டும் தம் பெயருக்கு மாற்றி வைத்திருந்தார். ஆனால் ரசீதைக் கொடுக்கத் தயங்கினார். “உனக்கு ஜிஎஸ்டி வந்தால் என் மேல் வரி ஏறுமா அம்மா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் பயமும் பொய்யில்லை. கையெழுத்துப் போட்டு ஏமாந்தவர்கள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். ரசீது என் தொழில் முகவரிக்குச் சான்று மட்டுமே, என் வரிக்கு அவர் பொறுப்பில்லை என்று தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். பீரோவிலிருந்து பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்தார். அரையாண்டு வாரியாக மாநகராட்சி ரசீதுகள், ஒன்றின் மேல் ஒன்று, கசங்காமல். கடைசி ரசீதைத் தாமே உருவித் தந்தார்.

இரண்டாவது விண்ணப்பத்தை என் செல்பேசி எண், என் மின்னஞ்சலோடு வீட்டிலேயே போட்டோம். ஆதார் சரிபார்ப்பு ஓடிபியோடு முடிந்தது; சிலரைக் கைரேகைக்கு நேரில் வரச் சொல்கிறார்கள். கேள்வி எதுவும் இல்லாமல் ஆர்இஜி-06 என்ற பதிவுச் சான்றிதழ் வந்தது. என் பெயரும் அதன் கீழே கடையின் பெயரும் அச்சாகியிருந்ததைப் பார்த்தபோது தையல்காரப் பெண்கள் எல்லாரும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாற்றிய பெண்கள் ஒன்றைக் கவனியுங்கள். பானில் அப்பா பெயர், ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்து என்று இருந்தால், பான்-ஆதார் இணைப்பிலேயே இடறும். இணைக்காத பான் செயலிழந்ததாகிவிடும். முதலில் இரண்டையும் ஒன்றாக்குங்கள். விண்ணப்பத்தில் பெயரைப் பானில் உள்ளபடியே எழுதுங்கள். எந்தப் பொருள் விற்கிறோம் என்பதைக் காட்டும் பொருள் குறியீட்டு எண்ணிலும் கவனம் வேண்டும்: நெய்த துணி நைட்டிக்கு 6208, பின்னலாடைத் துணிக்கு 6108.

எண் வந்த பிறகும் வேலை இருக்கிறது. 30 நாட்களுக்குள் வங்கிக் கணக்கு விவரத்தைத் தளத்தில் சேர்க்க வேண்டும். பெயர்ப் பலகையில் எண்ணை எழுத வேண்டும், சான்றிதழைக் கடையில் மாட்ட வேண்டும். விற்பனையே இல்லாத காலத்துக்கும் கணக்குத் தாக்கல் செய்யத்தான் வேண்டும். தவறினால் நாளுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம் ஓடும். நெல்லூர்ப் பில்லில் ஐஜிஎஸ்டி, அதாவது வெளிமாநில விற்பனைக்கான ஜிஎஸ்டி, 5 சதவீதம். 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கென்றால் தளத்தில் எடுக்கும் சரக்குப் போக்குவரத்துச் சீட்டான இ-வே பில்லும் சேர்த்து அனுப்ப வேண்டும். வாங்குபவரின் எண்ணையும் தளத்தில் சரிபார்த்துவிட்டே பில் போடுங்கள். ஆந்திரக் கடை என்றால் அது 37-இல் தொடங்க வேண்டும்.