சாராவைக் கடலுக்கு அழைத்துச் செல்லும் மக்கள்

தெற்குப் பிரான்சில், ரோன் ஆறு கடலோடு கலக்கும் கமார்க் சதுப்பு நிலத்தில் உள்ள செந்த் மரீ தெ லா மேர் என்னும் சிற்றூருக்கு, ஆண்டுதோறும் மே மாதத்தில் ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும், ஜிப்சிகள் என்று அழைக்கப்பட்டுவந்த ரோமா மக்கள் திருப்பயணமாக வருகின்றனர். தேவாலயத்தின் நிலவறையில் இருக்கும் கருநிறத் திருமேனியான சாராவே அவர்களுடைய காவல் புனிதை. கத்தோலிக்கத் திருச்சபை முறைப்படி புனிதர் பட்டம் அளிக்காத அவருக்கு, இம்மக்கள் மேலங்கிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தி, மெழுகுத்திரிகள் ஏற்றி, தங்கள் குடும்பத் துயரங்களை எல்லாம் சொல்லி வேண்டுகின்றனர்.

மே 24 அன்று, இயேசுவைப் பின்பற்றிய பெண்களான மரியா யாக்கோபே, மரியா சலோமே ஆகிய இருவரின் திருப்பண்டங்கள் அடங்கிய பேழை மேல்தளச் சிற்றாலயத்திலிருந்து கயிறுகளால் மெல்ல இறக்கப்படுகிறது. அதன்பின், வெள்ளைக் குதிரைகளில் வரும் கமார்க் மாட்டுக்காவலர்கள் சூழ, "வாழ்க புனித சாரா" என்ற முழக்கத்தோடு ரோமா ஆண்கள் சாராவைத் தோளில் சுமந்து கடலுக்குள் இறங்குகின்றனர். மறுநாள் இரு மரியாக்களுக்கான ஊர்வலம் நடைபெறுகிறது.

ரோமா மக்களின் மொழியான ரோமானி இந்திய-ஆரிய மொழி என்பதால், சாராவை நம் காளியோடு இணைத்துப் பேசுவோர் உண்டு. அதற்குச் சான்று போதாது என்றே கருதுகிறேன்.

என்னை மிகவும் வருத்துவது வேறொன்று. கமார்க்கின் எழுத்தாளரும் மாட்டுப்பண்ணையாளருமான ஃபோல்கோ தெ பரோன்செல்லியின் முயற்சியால் சாராவின் ஊர்வலத்திற்கு 1935இல்தான் இசைவு கிடைத்தது. ஏழே ஆண்டுகளில், 1942இல், இதே கமார்க் பகுதியின் சாலியேவில், நாஜி ஜெர்மனியோடு ஒத்துழைத்த பிரான்சின் விஷி அரசு முகாம் அமைத்து ரோமா குடும்பங்களைக் குழந்தைகளோடு அடைத்து வைத்தது.