அடி ரேட்டைப் பார்த்து வண்டி பிடித்த கதை

போன பங்குனியில் போட்ட போர்வெல்லில் (ஆழ்துளைக் கிணற்றில்) பாறையை உடைக்கிற ஒரு ஹேமரும் அதோடு மாட்டின நாலு இரும்பு ராடும் இன்னும் 410 அடியில் கிடக்கின்றன. அதற்கான காசு என் பாக்கெட்டிலிருந்துதான் போனது. இரண்டாவது போர் தேறிவிட்டது, தென்னைக்குத் தண்ணீர் பாய்கிறது. ஆனாலும் அந்த நாலு ராடை நினைத்தால் வயிறு எரிகிறது.

எங்கள் தோட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பேருக்குத்தான் கேரளா, மழை எல்லாம் எங்களைத் தாண்டிப் போய்விடும். சித்தூர் பிளாக் நிலத்தடி நீர்க் கட்டுப்பாட்டுப் பகுதி என்பதால் கேரள நிலத்தடி நீர்ச் சட்டம் 2002-ன்படி அனுமதி வாங்காமல் போர் போட முடியாது. கரம் அடைத்த ரசீது, கைவசச் சான்று, ஸ்கெட்ச் என்று கட்டாக ஆபீஸில் கொண்டுபோய் நீட்டினேன். "வண்டீடெ ரிஜிஸ்ட்ரேஷன் எவிடே?" என்றார்கள், போர் போடுகிற வண்டியின் பதிவு எங்கே என்று. நிலத்துக்கு மட்டும் பேப்பர் இருந்தால் போதும் என்று நினைத்தவன் நான். புரோக்கர் பேசி வைத்திருந்த தமிழ்நாட்டு வண்டிக்குக் கேரளப் பதிவு இல்லை. அன்றைக்குப் போன போக்குவரத்து வீண். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்கள் வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

பதிவு இருக்கிற வண்டி என்று அவசரத்தில் இன்னொன்றைப் பிடித்தோம். நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. அடிக்கு எவ்வளவு? வண்டிக்காரன் மற்றவர்களைவிடக் குறைவாகச் சொன்னான். "800 அடி கண்ணை மூடிட்டுப் போகுங்க" என்றான். சரி என்று எலுமிச்சம்பழம் நசுக்கி, வண்டிக்குச் சூடம் காட்டி ஆரம்பித்தோம்.

60 அடியில் பாறை தட்டியது. "கெட்டிப் பாறை வந்துருச்சுங்க, இதோட கேசிங் போதும்" என்று ஆபரேட்டர் சொன்னதும் எனக்குச் சந்தோஷம். மண் சரியாமல் தாங்க இறக்குகிற கேசிங் பைப்பின் காசு மிச்சமல்லவா? அது பாறையே இல்லை, மண்ணுக்குள் கிடந்த உருண்டைக் கல். அதைத் தாண்டி மறுபடியும் உதிரி மண்தான், 100 அடிக்கு மேல் வரைக்கும். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், அவருக்கு 105 அடிக்குக் கேசிங் இறங்கியிருக்கிறது. நான் கேட்கவில்லை.

400 அடியைத் தாண்டினதும் தண்ணீர் வந்தது. எல்லோரும் கை தட்டினோம். பத்து நிமிஷத்தில் ஹேமர் சத்தம் மாறியது. டக டக என்று அடித்தது தொக் தொக் என்று இழுத்தது, பிறகு நின்றே போனது. மேலே வர வேண்டிய கல்தூள் வரவில்லை. கேசிங்குக்குக் கீழே உதிரி சரிந்து ஹேமருக்கு மேல் உட்கார்ந்துவிட்டது. இழுத்தார்கள், இழுத்தார்கள், ஜாக்கி தரையில் புதைந்ததே தவிர ராடு வரவில்லை. இரண்டு நாள் கழித்து நாலு ராடோடு விட்டுவிட்டு, "குழியில மாட்டினா பார்ட்டி பொறுப்புங்க" என்றார்கள். பில் புத்தகத்தின் அடியில் பொடி எழுத்தில் அப்படித்தான் அச்சடித்திருந்தது.

அந்த மாதம்தான் என் மச்சினன் குவைத்திலிருந்து லீவில் வந்தான். எண்ணெய்க் கிணறு தோண்டுகிற ரிக்கில், கோபுரத்து மேலே நின்று குழாய்களைக் கையாளுகிற டெரிக்மேன். நான் புலம்பி முடித்ததும், "கம்ப்ரஸர் பிளேட்டைப் பார்த்தீங்களா மாமா?" என்றான். பார்க்கவில்லை. ஆனால் பூஜை போட்டோ போனில் இருந்தது. சூடத் தட்டுக்குப் பின்னால் தெரிந்த பிளேட்டைப் பெரிதாக்கிப் பார்த்தான். 200 பி.எஸ்.ஐ. என்று இருந்தது, ஹேமரை அடிக்க வைத்துத் தூளை மேலே தள்ளுகிற காற்றின் அழுத்தம் அது.

"100 அடி தண்ணி நின்னா 43 பி.எஸ்.ஐ. அமுக்கும். உங்க குழியில தண்ணி தரைக்குக் கீழ 130 அடி வரைக்கும் ஏறிருச்சுன்னா, ஹேமருக்கு மேல 280 அடி தண்ணி. 120 அங்கேயே போச்சு. மிச்ச 80-ல ஹேமர் எப்படி அடிக்கும், தூளை எப்படித் தூக்கும்? அவன் பொய் சொல்லலைங்க மாமா. தண்ணி வராத வரைக்கும் 800 அடி போகும்."

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அவர்கள் தொழிலில் ரிக்கைக் கடைசியில்தான் முடிவு செய்வார்களாம். முதலில் கிணறு காகிதத்தில் தயாராக வேண்டும். எவ்வளவு ஆழம், எந்த அடியில் என்ன அழுத்தம், எங்கெங்கே கேசிங். அடியில் என்ன அளவு குழாய் வேண்டுமோ அதிலிருந்து மேல்நோக்கிக் கணக்குப் போட்டு வருவார்கள். தூக்குவதிலேயே பெரும்பாலும் கனமானது கேசிங்தான். 9⅝ இன்ச் கேசிங் அடிக்கு 47 பவுண்ட் என்றால், 10,000 அடிக்கு 200 டன்னைத் தாண்டுகிறது. தோண்டும்போது கிணற்றுக்குள் நிரப்புகிற சேற்றில் மிதப்பதால் கொஞ்சம் குறையும், ஆனால் மாட்டிக்கொண்டால் இழுக்க அதற்கு மேலும் பலம் வேண்டும். 10 அடிக்கு ஒரு குதிரைத்திறன் என்று தோராயக் கணக்கும் உண்டாம். சாய்வாக, படுக்கையாகப் போகிற கிணறு என்றால் தூள் குழியின் கீழ்ப்பக்கம் படிந்துவிடும், அதைக் கிளப்ப சேறு பம்பு பெரிதாக இருக்க வேண்டும். வாயு பீறிட்டால் அடைக்கிற வால்வு அடுக்குக்கு ரிக் தளத்தின் அடியில் உயரம் போதுமா என்றுகூடப் பார்ப்பார்களாம். "நாள் வாடகை கம்மின்னு சின்ன ரிக்கை எடுத்துட்டு, மாட்டி நிக்கற நாளுக்கும் வாடகை கட்டின கதை அங்கேயும் உண்டு மாமா" என்றான். அதில் எனக்கு ஒரு அற்ப ஆறுதல்.

இரண்டாவது போருக்கு வண்டி பேசியது அவன்தான், நான் பக்கத்தில் நின்றேன். 1100 சி.எஃப்.எம். (நிமிஷத்துக்கு அத்தனை கன அடி காற்று), 350 பி.எஸ்.ஐ., கேரளப் பதிவு. அடி ரேட் அதிகம்தான். லாரியில் ஏறி ராடுகளை எண்ணினான். 120 அடிக்குக் கேசிங் முதலிலேயே வந்து இறங்க வேண்டும் என்றான். கல் தட்டினால் உடனே கேசிங் கூடாது, இன்னும் 10 அடி அடித்து, தூள் ஒரே நிறமாக வருகிறதா என்று பார்த்த பிறகுதான். ஹேமர் மாட்டினால் யார் பொறுப்பு என்பதை வெள்ளைத்தாளில் எழுதி வாங்கினான். ஓனர் முகம் சுளித்தார், ஆனாலும் பாதிப் பாதி என்று கையெழுத்துப் போட்டார்.

இவ்வளவு பார்த்தவர்கள் பாதையைப் பார்க்கவில்லை. பெரிய வண்டி வரப்பு முக்கில் திரும்பவில்லை. காய்ப்பில் இருந்த இரண்டு தென்னையை வெட்ட வேண்டியதாயிற்று. என் மனைவி அன்று முழுக்க எங்கள் இருவரிடமும் பேசவில்லை.

60 அடியில் அதே மாதிரி கல் தட்டியது. பொறுத்தோம். நாலே அடியில் மறுபடி செம்மண் வந்தது. 108-ல் உண்மையான பாறை. 590-ல் ஊற்று, 640-ல் இன்னொன்று, இரண்டு இன்ச் தண்ணீர். ஹேமர் சத்தம் கடைசி வரை மாறவில்லை. நான் அதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

பழைய குழியை அடி முதல் மேல் வரை மண்ணும் கல்தூளும் கொட்டி மூடியாயிற்று. கைவிட்ட போரைத் திறந்து போடக்கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2010-ல் சொல்லியிருக்கிறது. வீட்டில் பேரன் வேறு ஓடியாடுகிறான்.

போன வாரம் அந்தப் புரோக்கர் போன் செய்தான். வேலந்தாவளத்தில் ஒருத்தருக்கு வண்டி வேண்டுமாம், என் பெயரைச் சொல்லிக்கொள்ளலாமா என்று கேட்டான். சொல்லிக்கோ, 410 அடியில் என்ன கிடக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கோ என்றேன்.